நோயாளி வீட்டுக்கு நர்ஸ் வந்தால்...

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் உடுப்பின் மகிமை விளங்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. இவர் கார் தொழிற்சாலை, அவர் செல்போன் தொழிற்சாலை என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்காவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

கணவனும் மனைவியும் இப்படி ஷிப்டுக்குப் போய்விட்டால், பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரை யார் கவனிப்பது? சம்பளத்துக்கு ஒரு பெண்மணி வருகிறார். குளிப்பாட்டுகிறார், கஞ்சி ஊட்டுகிறார், புரட்டிப் படுக்கவைக்கிறார். பீரோ இருக்கும் அறையில் நாள் முழுவதும் இருக்கிறார். அவரிடம் மட்டும் அட்டை கேட்பவர் இல்லை!

வீடு தேடிப் போய் நோயாளியைக் கவனிக்கும் தொழில் இன்று பிறந்ததல்ல. இங்கிலாந்தில் லிவர்பூல் நகர வியாபாரி வில்லியம் ராத்போன், தம் மனைவியின் கடைசி நாட்களில் மேரி ராபின்சன் என்ற நர்ஸை வீட்டில் அமர்த்தியிருந்தார். 1859-ல் மனைவி இறந்தபின், அதே நர்ஸை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அந்த நாளில்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் நர்ஸின் உடையைப் பற்றி எழுதினார். சரசரவென்று சத்தமிடும் பட்டுப் பாவாடை நோயாளிக்குப் பெரிய தொல்லை என்பது அவர் கட்சி. உடை பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. படுத்திருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்றே கேட்டார்.

வளையலும் மோதிரமும்

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமே விளங்கும். மோதிரத்துக்கு அடியில் அழுக்கும் கிருமியும் தங்கும். கை கழுவினாலும் போகாது. கண்ணாடி வளையல் உடைந்தால் முதியவரின் மெல்லிய தோல் கிழியும். நீண்ட நகம் படுக்கைப் புண்ணைக் கீறும். 2007-ல் இங்கிலாந்தின் சுகாதார இலாகா, நோயாளியைத் தொடுபவர் முழங்கைக்குக் கீழே கைக்கடிகாரமும் கட்டக்கூடாது என்று வழிகாட்டியது. நம் ஊரில் வளையலைக் கழற்றச் சொன்னால் மனம் நோகும். வாசலில் கழற்றிப் பையில் வைத்து, போகும்போது போட்டுக்கொள்வதில் தவறில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. கட்டு மல்லிகையும் வாசனைத் திரவியமும்கூட, மூச்சிரைப்பு உள்ளவர் அருகே வேண்டாம்.

கை கழுவுவதற்கும் கணக்கு உண்டு. சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நின்று எண்ணிப் பாருங்கள்; நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம்!

வெள்ளைக் கோட்டு

ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. உதவிக்கு வரும் பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி அனுப்பினால், வீட்டார் அவரை நர்ஸ் என்றே எண்ணுவார்கள். இன்சுலின் ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அவருக்கோ மறுத்துச் சொல்லத் தயக்கம். அளவு தவறினால் போவது ஓர் உயிர். தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு பெற்றவரே நர்ஸ். மற்றவர் உதவியாளர். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் உடையும் அட்டையும் அந்த வித்தியாசத்தை மறைக்கக்கூடாது.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பாகுபாடு தெளிவாக இருந்தது. சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். படுத்த படுக்கையானவரைக் கவனிக்கத் தனி நர்ஸ். கை கால் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட். ஒருவர் வேலையை மற்றவர் தலையில் கட்டவில்லை.

நடத்தையில் முக்கியமானது நாக்கு. ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. கடன் கேட்பதும், பெரியவர் நெகிழ்ந்துபோய்க் கொடுக்கும் நகையை வாங்குவதும் கூடாது. துணி மாற்றுகையில் கதவைச் சாத்த வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கும் வெட்கம் உண்டு! "பேஷண்ட்" என்று கூப்பிடாமல் "தாத்தா", "அம்மா" என்று அழைத்து, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடவேண்டும்.

வீட்டாருக்கும் உண்டு

பாத்திரம் துலக்கவும் குழந்தையைப் பள்ளியில் விடவும் அவரையே ஏவுவது எந்த ஊர் நியாயம்? உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை—இவற்றைக் கேட்டு வாங்க வைக்கக்கூடாது. வீட்டு ஆண்கள் தவறாக நடந்தால் சட்டமும் உண்டு. 2013-ல் வந்த பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வீட்டையும் வேலை செய்யும் இடமாகவே கணக்கிடுகிறது. மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவில் புகார் செய்யலாம். இது தெரியாமல் வேலையை விட்டு நின்றுவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

மாலையில் கம்பெனி பஸ் திரும்புகிறது. மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். உதவிக்கு வந்தவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டுகிறார். எத்தனை மணிக்கு மாத்திரை, எவ்வளவு கஞ்சி, எத்தனை முறை சிறுநீர், முதுகில் எங்கே சிவந்திருக்கிறது—எல்லாம் அதில் இருக்கிறது. மருமகள் அதைப் படித்துப் பார்த்து, புரியாத இடத்தை நின்று கேட்டுக்கொண்ட பிறகே அவர் பையைத் திறந்து வளையல்களை எடுக்கிறார்.