கொரிய அடைக்கு மைசூர் குளிர்

தோசை மாவைத் தூங்க வைக்கும் டிசம்பர் இரவுதான் கிம்ச்சிக்கு உகந்த பருவம். இரண்டையும் புளிக்க வைப்பது ஒரே நுண்ணுயிர்.

டிசம்பர் பிறந்துவிட்டால் மைசூர் வீடுகளில் மாவுப் பாத்திரத்துக்கு ராஜ உபசாரம். பழைய கம்பளியைச் சுற்றுகிறார்கள். சுடுதண்ணீர் பாத்திரத்துக்குள் உட்கார வைக்கிறார்கள். அடுப்பு அணைந்த சூட்டில் மேடையோரம் நகர்த்துகிறார்கள். அப்படியும் விடிந்து மூடியைத் திறந்தால், ராத்திரி விட்ட அளவிலேயே மாவு அசையாமல் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. குளிர்கால இரவுகளில் வெப்பம் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிற குடும்பங்கள் முதலில் உளுந்தைச் சந்தேகப்படும், அப்புறம் கிரைண்டரை. கடைசியில் பழி போய்ச் சேரும் இடம் கரைத்து வைத்த கை. "அவள் கைக்கு மாவு பொங்காது" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு எத்தனை மருமகள்கள் அந்தக் குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இதே சமையலறைக்குள் இப்போது செல்போன் வழியாக ஒரு புது விருந்தாளி நுழைந்திருக்கிறது. கொரியத் தொடர்களை விடிய விடியப் பார்க்கும் பிள்ளைகள், அதில் மழை பெய்யும்போதெல்லாம் யாராவது வட்டமாக எதையோ பொரித்துத் தின்பதையும் பார்க்கிறார்கள். மழைக்கும் அந்தப் பண்டத்துக்கும் கொரியர்கள் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயில் அது சடசடக்கும் சத்தம் கூரையில் விழும் மழை போலிருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். துணைக்கு மக்கொல்லி என்கிற வெண்ணிற அரிசி மதுவும் உண்டு. மழை வந்தால் நமக்கு பஜ்ஜி ஞாபகம் வருவதைப் போலத்தான்.

இந்த வகைப் பலகாரத்துக்குப் பொதுப்பெயர் ஜொன். வெங்காயத்தாளை முழு நீளத்துக்குப் போட்டு வார்த்தால் அது பாஜொன். இதில் பூசான் நகரத்தின் தோங்னே பகுதி பெயர் பெற்றது. நன்றாகப் புளித்த பழைய கிம்ச்சியை அரிந்து கோதுமை மாவில் கலந்து சுட்டால் கிம்ச்சிஜொன். சூசொக் எனும் அறுவடைப் பண்டிகையிலும் புத்தாண்டிலும் முன்னோருக்குப் படைக்கும் பண்டங்களில் ஜொன் கட்டாயம் இருக்கும். அதைச் சுட்டு அடுக்குவதற்குள் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடுகிறது என்கிற புலம்பலும் அந்த நாட்டில் பிரசித்தம்.

ஆனால் தமிழ் வீட்டுப் பாட்டி ஒரே பார்வையில் உறவு கண்டுபிடித்துவிடக்கூடியது பிந்தேத்தொக்கைத்தான். தோல் நீக்கிய பாசிப்பயறை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, காய்கறி சேர்த்து, தாராளமாக எண்ணெய் விட்டு, கனமாக வார்த்துச் சுடுகிறார்கள். அடைக்கும் ஆந்திரத்துப் பெசரட்டுக்கும் ஒன்றுவிட்ட தம்பி. கொரியாவின் வட பகுதியான பியோங்கானில் இதற்குப் பெயர் அதிகம். ஏழைகளின் பண்டம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வதுண்டு. எல்லா மொழி அறிஞர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை. சோல் நகரில் 1905-ல் உருவான குவாங்ஜாங் சந்தைக்குப் போனால், கடை வாசலிலேயே மோட்டார் பூட்டிய கல் திருகைகள் சுற்றிச் சுற்றிப் பாசிப்பயறை அரைத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் கண் கலங்கிவிடுவார்.

அம்மா, அப்பா என்ற சொற்கள் கொரிய மொழியிலும் இருப்பதை வைத்துப் பழைய உறவு கொண்டாடுகிறவர்கள் உண்டு. அந்த வழக்கு தனி. பயறை ஊறவைத்து அரைத்துச் சுடும் யோசனை இரண்டு ஊர்க்காரர்களுக்குத் தனித்தனியே தோன்றக் கூடியதுதான். நம் பக்கத்திலும் அது பழசு. மைசூருக்குப் பக்கத்துக் கொள்ளேகாலில் பிறந்த உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆச்சயா இட்லியின் பூர்வீகத்தைத் துருவியவர். 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம் போன்ற நூல்களில் வரும் இட்லி வெறும் உளுந்தில் செய்தது, அதில் அரிசியும் இல்லை, ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பதும் இல்லை என்று அவர் எழுதினார். மாவு பொங்குமா என்ற கவலை அப்புறம் வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

அந்தக் கவலைக்கு விடை தேடிய இடங்களில் ஒன்று இதே ஊரில்தான் இருக்கிறது. இளவரசிக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அது. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்க வழி சொன்ன நிலையம் என்றால் பலருக்கும் தெரியும். அதே கூடத்தில் எச்.எஸ்.ஆர். தேசிகாச்சாரும் சகாக்களும் இட்லி மாவு புளிக்கும்போது அதில் நேரும் மாறுதல்களை அளந்து 1960-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1970-களில் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் உளுந்தின் ரகசியத்தைப் பிரித்தெடுத்தார்கள். உளுந்தில் உள்ள ஒரு புரதம் நுரையை எழுப்புகிறது. அரபினோகேலக்டன் எனும் பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலி அந்த நுரை உடையாமல் தாங்கிப் பிடிக்கிறது. பாசிப்பயறு மாவு எத்தனை நேரம் வைத்தாலும் உளுந்து போல உப்பி நிற்பதில்லை என்பது சமையலறையில் யாரும் பார்த்திருக்கக் கூடிய விஷயம்.

மருமகள்களுக்கு விடுதலைப் பத்திரம் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற சிற்றூரில் உள்ள ஆய்வு நிலையத்தில் முகர்ஜி, பெடர்சன், ஸ்டைன்கிராஸ் முதலானோர் இட்லி மாவை ஆராய்ந்து 1965-ல் முடிவை அறிவித்தார்கள். மாவைப் பொங்க வைப்பது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது உளுந்தோடும் அரிசியோடுமே வருகிறது. ஊறும்போதே பெருகத் தொடங்கி, மாவைப் புளிக்க வைக்கப் போதுமான அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஆக, தானியத்திலேயே குடியிருக்கும் ஒன்றுக்குக் கைராசி பார்த்தது வீண் வேலை. குற்றவாளி குளிர்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் இருந்த பெடர்சன் உப்பிட்ட முட்டைக்கோஸ் புளிப்பதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். ஜெர்மானியர்களின் சவர்கிராட் அது. அதைத் தொடங்கி வைப்பதும் இதே பாக்டீரியா. கொரியர்களின் கிம்ச்சியிலும் முதல் சில நாட்கள் இதன் இனத்தின் ராஜ்ஜியம்தான். கிம்ச்சி லேசாகக் குமிழிட்டு நாக்கில் சுருக்கென்று தைப்பது இது விடும் கரியமில வாயுவால். தோசை மாவு பொங்குவதும் அதே வாயுவால்தான்.

வித்தியாசம் அவகாசத்தில் இருக்கிறது. தோசை மாவுக்கு ஒரே ராத்திரிதான் கெடு. 30 டிகிரி இருந்தால் அதற்குள் வேலை முடிந்துவிடும், 17 டிகிரியில் முடியாது. கிம்ச்சிக்கு அவசரமே கிடையாது. வெயில் காலத்தில் வைத்தால் லியூகோனோஸ்டாக்கை முந்திக்கொண்டு அமிலம் கூடுதலாகச் சுரக்கும் வேறு பாக்டீரியாக்கள் வந்து, சட்டென்று கடும் புளிப்பேறிவிடும். மிதமான குளிரில் மூன்று நான்கு நாள் வைத்தால் இது நிதானமாக வேலை செய்து ருசியைக் கொடுக்கும். கொரியர்கள் குளிர்காலத்துக்கு முன் ஊரோடு கூடிக் கிம்ச்சி போடுவது இதனால்தான். அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மைசூர்க்காரர்களுக்கு தோசை மாவில் சதி செய்யும் அதே டிசம்பர், கிம்ச்சி ஜாடிக்கு வரப்பிரசாதம்.

செய்துபார்க்க வெளிநாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை. கொரிய மிளகாய்த் தூளின் விசேஷம் நிறம் தூக்கலாகவும் காரம் அடக்கமாகவும் இருப்பது. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் குணமும் அதேதான். அரைக் கிலோ முட்டைக்கோஸை நறுக்கி, இரண்டு மேஜைக்கரண்டி உப்பில் பிசறி இரண்டு மணி நேரம் விட்டு, அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். மூன்று டீஸ்பூன் மிளகாய்த் தூள், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, அரிசி மாவில் காய்ச்சிய கஞ்சி கொஞ்சம், ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்து அதில் புரட்டவேண்டும். உப்பு சரியாக இருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்த்து, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். மீன் சாறும் உப்பிறாலும் சேர்ப்பது கொரிய வழக்கம். சைவ வீடுகளில் விட்டுவிட்டாலும் புளிப்பு வராமல் போகாது. ஜாடியில் அழுத்தி, சாறு மேலே நிற்கும்படி வைத்து, கால்வாசி இடம் விட்டு மூடியைத் தளர்வாக வைக்கவேண்டும். இறுக்கி மூடினால் வாயு ஒருநாள் தன் கைவரிசையைக் காட்டும். குளிர்காலத்தில் மூன்று நாள் வெளியில், பிறகு ஃபிரிட்ஜில். ஏப்ரலில் ஒரு நாளே அதிகம்.

அடைக்கு ஒரு கப் பாசிப்பருப்பையும் இரண்டு மேஜைக்கரண்டி பச்சரிசியையும் நான்கு மணி நேரம் ஊறவைத்தால் போதும். தண்ணீரை வடித்து, கெட்டியாக, ரவை பதத்துக்கு அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் கொரியக்காரி முகம் சுளிப்பாள். பிழிந்து நறுக்கிய கிம்ச்சி ஒரு கப், கொதிநீரில் போட்டெடுத்த முளைப்பயறு ஒரு கைப்பிடி, வெங்காயத்தாள், அளவாக உப்பு. கொரியாவில் பன்றி இறைச்சியும் பெரணித் தளிரும் சேரும். கலந்த கையோடு சுட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் நீர் விட்டுக்கொள்ளும். தவாவில் எண்ணெய் தாராளமாக இருக்கட்டும். உள்ளங்கை அகலம், விரல் கனம், மிதமான தீ, பக்கத்துக்கு நான்கு நிமிடம். ஓரம் பொன்னிறமாகும் முன் திருப்பினால் உடையும். இங்கே சிக்கனம் பார்த்து எண்ணெயைக் குறைப்பவர்களுக்குக் கிடைப்பது வெந்த பருப்பு வட்டம்தான். தொட்டுக்கொள்ள சோயா சாஸில் கொஞ்சம் வினிகர், நறுக்கிய வெங்காயம்.

மைசூர் தோசையின் பெயரில் உலகம் பூராவும் சிவப்புச் சட்னி தடவி மொறுமொறுவென்று விற்கிறார்கள். ஊரிலோ நஜர்பாத் பகுதியில் மைலாரி தோசைக்காகக் காத்து நிற்பவர்கள் விரும்புவது பஞ்சு போன்ற மிருதுவையும் மேலே உருகும் வெண்ணெயையும். மிருதுவுக்குப் பழகிய அந்த நாக்குக்கு, ஓரம் கருக வறுபட்டு நடுவில் கொரகொரக்கும் இந்த அடை முதல் வாயில் முரடாகத்தான் தெரியும். கிம்ச்சியின் புளிப்பு வந்த பிறகு முகம் மாறும்.

இரண்டு நாட்டிலும் இப்போது பாக்கெட்டுகளும் போட்டிக்கு நிற்கின்றன. கொரியாவில் ஜொன் மாவு கலவையாகவே கடையில் கிடைக்கிறது. இங்கே பெங்களூரில் 2005-ல் தொடங்கிய ஐடி நிறுவனம் ஈர மாவைப் பாக்கெட்டில் அடைத்துப் பெரிய வியாபாரமாக்கிவிட்டது. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். கைராசிப் பேச்சு கேட்க வேண்டாம் என்பதே அவளுக்குப் பாதி நிம்மதி. ஆனால் பாசிப்பருப்பு அடைக்கு அந்த பாக்கெட்டும் அவசியமில்லை. காலையில் ஊறப்போட்டுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் மிக்ஸியில் ஐந்து நிமிஷ வேலை. புளிக்கிற பொறுப்பை ஜாடி ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும்.

விடிந்தும் பொங்காத தோசை மாவையும் கொட்ட வேண்டியதில்லை. அதில் நாலு கரண்டி கிம்ச்சியை அரிந்து போட்டு, ஊத்தப்பம் போல வார்த்து, மூடி வைத்து வேகவிட்டால் காலை டிபன் தயார். உப்பு மட்டும் பார்த்துப் போடவேண்டும், கிம்ச்சியிலேயே உப்பு உண்டு.