எழுத்துக்குச் சட்டை மாட்டலாமா?

குட்டி நண்பர்களே, ஒரு சின்ன வேலை செய்கிறீர்களா? ‘உடல்நலமில்லை’ என்று பொருள் தரும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ‘இல்’. அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்து, கம்ப்யூட்டரில் ‘ஏரியல்’ எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். திரையில் என்ன தெரிகிறது? வரிசையாக மூன்று குச்சிகள்! முதல் குச்சி ‘ஐ’, மற்ற இரண்டும் ‘எல்’. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் உங்கள் தங்கை என்ன செய்வாள், பாவம்!

ஃபான்ட் என்று சொல்கிறோமே, அதுதான் எழுத்துரு. எழுத்து போட்டுக்கொள்ளும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சட்டையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி ‘ஃபிளாஷ் கார்டு’ மென்பொருள்களில் இருக்கிறது. எந்தச் சட்டையை மாட்டினால் பாடம் மனதில் நிற்கும்? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்கு முன், அட்டையின் கதையைப் பார்த்துவிடலாம்.

ஃபிளாஷ் கார்டு ஒன்றும் புதிய சங்கதி அல்ல. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில். ஜெர்மனியைச் சேர்ந்த செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் எழுதிய புத்தகத்தில், இதற்கு ஓர் அருமையான யோசனை சொன்னார். சில பெட்டிகளை வரிசையாக வையுங்கள். எல்லா அட்டைகளும் முதல் பெட்டியில் இருக்கட்டும். சரியாகப் பதில் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் பெட்டிக்கே வந்துவிடும். முதல் பெட்டியை அடிக்கடி படிக்க வேண்டும், பின்னால் உள்ள பெட்டிகளை எப்போதாவது பார்த்தால் போதும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை பாருங்கள்!

இந்த மாதிரி வேலையைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் செய்யும் மென்பொருள்களில் ஒன்றுதான் ‘ஆங்கி’. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேமியன் எல்ம்ஸ் 2006-ல் இதை வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் ‘ஆங்கி’ என்றால் மனப்பாடம் என்று பொருள். கம்ப்யூட்டரில் இதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் புதிதாக ஓர் அட்டை செய்தால், எழுத்து ஏரியலில், 20 பிக்சல் அளவில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக வரும். அதில் தமிழில் அடித்தாலும் அழகாகவே தெரியும். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏரியலில் தமிழ் எழுத்தே கிடையாது! பிறகு எப்படித் தெரிகிறது?

கம்ப்யூட்டர் கடன் வாங்குகிறது. கேட்ட எழுத்துருவில் ‘அ’ இல்லை என்றதும், தன்னிடம் உள்ள வேறு எழுத்துருக்களில் தேடி, தமிழ் இருப்பதிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். விண்டோஸ் 2000 வந்தபோது அதில் ‘லதா’ என்றொரு தமிழ் எழுத்துரு இருந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ‘நிர்மலா’ சேர்ந்தது. (எழுத்துருக்களுக்கு நம்ம வீட்டு அக்காக்களின் பெயர்!) அதனால், நீங்கள் செய்த அட்டை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும், அண்ணனின் போனில் வேறு மாதிரியும் தெரியலாம். எந்த எழுத்துருவிலும் அந்த எழுத்து இல்லாவிட்டால் வெறும் கட்டம்தான் வரும். வெள்ளையாக, சதுரமாக இருப்பதால் அந்தக் கட்டத்துக்கு ‘டோஃபு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோயாவில் செய்யும் பனீர் மாதிரியான தின்பண்டம் அது. ‘இனி டோஃபு வேண்டாம்’ என்று கூகுள் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்தின் பெயர் ‘நோட்டோ’. ஆங்கிலத்தில் ‘நோ டோஃபு’ என்பதன் சுருக்கம்தான்! அதில் தமிழும் உண்டு, காசும் கிடையாது.

முன்பெல்லாம் தமிழ் அடிப்பதில் பெரிய தலைவலி இருந்தது. ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருந்தார்கள். ‘அம்மா’ என்று அடித்தால், கம்ப்யூட்டர் தன் மனதில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்’ என்றுதான் எழுதிக்கொள்ளும். பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்கு அந்தக் கோப்பு போனால் அம்மா காணாமல் போய்விடுவாள். யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ‘அ’வுக்கென்று தனி எண் இருக்கிறது. எந்தச் சட்டை மாட்டினாலும் ‘அ’, ‘அ’தான். அட்டைகளை யூனிகோடில் அடித்தால் மட்டுமே பயப்படாமல் எழுத்துருவை மாற்றி விளையாட முடியும். யாராவது பழைய கோப்பிலிருந்து கேள்விகளை எடுத்துக் கொடுத்தால், இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டையை எங்கே மாற்றுவது? ஆங்கியில் ‘மேனேஜ் நோட் டைப்ஸ்’ என்ற இடத்துக்குப் போய், ‘கார்ட்ஸ்’ பொத்தானை அழுத்தினால் ‘ஸ்டைலிங்’ என்று ஒரு பகுதி வரும். அதில் எழுத்துருவின் பெயரும் அளவும் இருக்கும். ஏரியலை அழித்துவிட்டு உங்களுக்கு வேண்டிய பெயரை எழுதுங்கள். 20 என்பதை 32 ஆக்குங்கள். அவ்வளவுதான்! பக்கத்தில் ‘ஃபீல்ட்ஸ்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதிலும் எழுத்துரு மாற்றும் இடம் உண்டு. ஆனால் அது அட்டையைத் தயாரிக்கும்போது தெரியும் எழுத்துக்கு மட்டும்தான், படிக்கும்போது தெரியும் எழுத்து அதனால் மாறாது. ‘மாற்றினேன், மாறவே இல்லையே!’ என்று குழம்புகிறவர்கள் அநேகமாக இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துரு போனில் இல்லாவிட்டால்? எழுத்துருக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்த்து, ஆங்கியின் மீடியா கோப்புறையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஸ்டைலிங் பகுதியில் அந்தக் கோப்பின் பெயரைக் குறிப்பிட இரண்டொரு வரி எழுத வேண்டும். அடிக்கோடு எதற்கு என்கிறீர்களா? பயன்படாத கோப்புகளைச் சுத்தம் செய்யும்போது ஆங்கி அதைத் தூக்கி எறிந்துவிடாமல் இருக்கத்தான்! இந்த வேலைக்கு மட்டும் அக்காவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது விஞ்ஞானிகளின் கதைக்கு வருவோம்.

2008-ல் ரோட்ஸ், கேஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில சொற்களைப் பெரிய எழுத்திலும், சிலவற்றைச் சிறிய எழுத்திலும் காட்டி, ‘இது உங்களுக்கு நினைவிருக்குமா?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்கள். பெரிய எழுத்துச் சொற்கள் நன்றாக நினைவிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் நினைவிருந்தன! பளிச்சென்று கண்ணில் பட்டதை, மனதில் பதிந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இப்படி ஏமாந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2011-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நேர்மாறான ஒரு செய்தி வந்தது. வேற்றுக்கிரகவாசிகளைக் கற்பனையாக உருவாக்கி, அவர்களைப் பற்றிய விவரங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தெளிவான ஏரியலில் படித்தவர்களைவிட, சாம்பல் நிறத்தில், படிக்கச் சிரமமான எழுத்தில் படித்தவர்கள் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்களாம். கஷ்டப்பட்டுப் படித்தால் மூளை கூடுதலாக வேலை செய்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

விடுவார்களா? ஆஸ்திரேலியாவில், மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2018-ல் ‘சான்ஸ் ஃபர்கெட்டிகா’ என்று ஓர் எழுத்துருவையே உருவாக்கியது. எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். நடுநடுவே எலி கடித்ததுபோல ஓட்டை இருக்கும். படித்தது மறக்காது என்றார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 2020-ல் பிரிட்டனையும் நியூசிலாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 882 பேரை வைத்து நான்கு சோதனைகள் நடத்தினார்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தது உண்மை. நினைவு கூடியதா? ஊஹூம்! வேற்றுக்கிரகவாசிச் சோதனையின் முடிவும், வேறு பலர் செய்து பார்த்தபோது உறுதியாகக் கிடைக்கவில்லை. ஆக, இந்த எழுத்துருவைப் போட்டால் நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்படியானால் எழுத்துருவை மாற்றுவதே வீண் வேலையா? அதுவும் இல்லை. படிக்கவே சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது பெரிய விஷயம். ‘டிஸ்லெக்ஸியா’ என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள இத்தாலி, பிரான்ஸ் நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டுக் கொடுத்ததும், அவர்கள் முன்பைவிட வேகமாகவும் தப்பில்லாமலும் படித்தார்கள். அவர்களுக்கென்றே சிலர் விசேஷ எழுத்துருக்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால், எழுத்தின் வடிவத்தைவிட இடைவெளிதான் கைகொடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. பார்வை மங்கலாக உள்ள நண்பனுக்கோ, 20 பிக்சல் என்பது எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். அவனுக்கு 48 வைத்துக் கொடுங்கள்!

பெரியவர்கள் கேலி செய்யும் ‘காமிக் சான்ஸ்’ எழுத்துருவையும் சொல்லியாக வேண்டும். 1994-ல் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த வின்சென்ட் கொனாரே, ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசுவதைப் பார்த்தார். நாயின் பேச்சு, செய்தித்தாள் எழுத்து மாதிரி விறைப்பாக, ‘டைம்ஸ் நியூ ரோமன்’ எழுத்துருவில் இருந்தது. ‘நாய் இப்படியா பேசும்?’ என்று காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து இதை வரைந்தார். தெளிவாகப் படிக்கக்கூடிய எழுத்துருக்களில் ஒன்றாக, பிரிட்டனின் டிஸ்லெக்ஸியா சங்கம் இதையும் குறிப்பிட்டிருக்கிறது. இதில் பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் கோடு உண்டு. குச்சிக் குழப்பம் தீர்ந்தது! நாலு கோடு நோட்டில் எழுதுகிறோமே, அதே வடிவத்தில்தான் சின்ன ‘ஏ’யும் இருக்கும். ஏரியலில் அந்த ‘ஏ’ தலையில் தொப்பி வைத்துக்கொண்டிருக்கும். தங்கையின் அட்டைகளுக்கு எதைப் போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழிலும் குழப்பம் உண்டு. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் கீழே ஒரு சின்ன இழுப்புதான் வித்தியாசம். சில எழுத்துருக்களில் அது கண்ணுக்கே தெரியாது. தமிழ் எண்களுக்கு அட்டை செய்தால் இன்னும் வேடிக்கை. ஒன்றுக்கான ௧ கிட்டத்தட்ட ‘க’ போலவும், ஏழுக்கான ௭ ‘எ’ போலவும் இருக்கும். வால் பளிச்சென்று தெரியும் எழுத்துருவாகப் பார்த்துப் போட வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலே கீற்றும் கீழே சுழியும் இருப்பதால், வரிகளுக்கு நடுவிலும் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்.

தாத்தா வீட்டு அலமாரியில் பழைய புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘னை’, ‘லை’, ‘ளை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது இப்போதைய வடிவம் வந்தது. யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் எண்கள் ஒன்றுதான். தும்பிக்கையைக் காட்டுவதும் மறைப்பதும் எழுத்துருவின் வேலை. பழைய வடிவம் தரும் எழுத்துருக்களும் கிடைக்கின்றன. அட்டையின் முன்பக்கத்தில் அதையும், பின்பக்கத்தில் இப்போதைய எழுத்துருவையும் வைத்து, ‘யானை’, ‘தலை’, ‘வாளை மீன்’ என்று ஒரு பத்து அட்டை செய்துவிடுங்கள். அடுத்த விடுமுறையில் அந்தப் புத்தகத்தைத் தாத்தாவுக்கு நீங்கள் படித்துக் காட்டலாம்!