முன்வரிசை காலியா இருக்கு, வாங்க!

கதகளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டூரிஸ்ட் போஸ்டர், பச்சை முகம், குடை மாதிரி விரிந்த பாவாடை... அப்புறம் ஒரு பெரிய கொட்டாவி!

களியக்காவிளைக்காரனான எனக்கும் அப்படித்தான். எங்க ஊரில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் போர்டு, அந்தப் பக்கம் மலையாள போர்டு. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பழம்பொரியை விட்டோமா? மோகன்லால் படத்தை விட்டோமா? கதகளியை மட்டும் ‘அது அவங்க சமாச்சாரம்’ என்று விட்டுவிட்டோம்.

உண்மையில் அது நம்ம சமாச்சாரமும்தான். திருவிதாங்கூர் ராஜா கார்த்திகைத் திருநாள் கதகளிக்குக் கதைகள் எழுதியவர். அவர் அரசாண்ட அரண்மனை எங்கே தெரியுமா? தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம்! திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவிலும் கதகளி உண்டு.

‘சரி சார், விடிய விடிய கண் விழிச்சா காலையில் ஆபீஸ் யார் போறது?’ என்கிறீர்கள். நியாயம். அதற்கும் ஒரு வழி பிறந்தது. பொதுப்பணித்துறை இன்ஜினீயர் அப்புக்குட்டன் நாயர் 1970-ல் திருவனந்தபுரத்தில் ‘மார்கி’யைத் தொடங்கினார். சின்ன இடம், கொஞ்சம் ஜனம், ஓரிரு மணி நேரம். சென்னை கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலமும் அதே இன்ஜினீயரின் கைவண்ணம்தான்.

போன வருஷம் அந்த மாதிரி ஒரு குட்டி அரங்குக்கு நானும் போனேன். “லேய் மக்கா, தூங்கதுக்கு திருவனந்தபுரம் வரை போகணுமா?” என்று கேட்டார் மார்த்தாண்டத்து நண்பர்.

தூங்க முடியவில்லை! பத்தடி தூரத்தில் விளக்கு. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள். சுண்டைச் செடியின் பொடி விதையை இமைக்குள் வைத்துச் சிவக்க வைத்த கண்கள். முதலில் பழைய ‘நளசரிதம்’. காட்டில் தூங்கும் தமயந்தியை விட்டுப் போக வேண்டும். நளன் இரண்டடி போகிறான், திரும்புகிறான், மறுபடி போகிறான். கன்னத்துச் சதை துடித்தது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் இது தெரியுமா?

அடுத்தது புதுசாக அமைத்த ஆட்டம். வளைகுடாவுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மா! ராஜாவும் இல்லை, கிரீடமும் இல்லை. ஆனால் கை பேசியது அதே 24 முத்திரைகளில்தான். 1989-ல் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரச’னையே கதகளியாக ஆடிவிட்டார்கள். கதை புதுசானால் என்ன, இலக்கணம் தெரிந்த உடம்பு எதையும் சொல்லும். எனக்கு முன்னால் இருந்தவர் கர்ச்சீப் எடுத்தார். அவர் மகனும் துபாயோ என்னவோ!

ஒரே ஒரு வருத்தம். மேக்கப் போடவே மூன்று நான்கு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். பார்க்க வந்ததோ நாற்பது பேர். அதில் முக்கால்வாசி நரைத்த தலைகள். நம்ம வயசுக்காரர்கள் வராவிட்டால் இன்னும் இருபது வருஷத்தில் விளக்கு மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்கள். கடைசியில் உட்காராதீர்கள், முன்வரிசைக்குப் போங்கள். தூக்கம் வந்தால்?

இருக்கவே இருக்கு, மறுநாள் ஆபீஸ்!