தமிழுக்கு கேப்பிடல் லெட்டர் கிடையாது

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்க வருகிற எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போகணும், அடுத்து எங்கே போகணும் என்பதை வடிவமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகங்கள் தரும் கருவிகள் இவை: தலைப்பை கேப்பிடலில் போடு, அழுத்த வேண்டிய சொல்லை இட்டாலிக்கில் சாய்த்து வை, போல்டு ஆக்கு, எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று விடு. எல்லாம் சரிதான். ஆனா இவை எல்லாமே ரோமன் எழுத்தோடு பழகிப் பழகி உருவானவை. அதே கருவிகளைத் தமிழ் மேல் வைத்தால் என்ன ஆகிறது என்று கொஞ்ச காலமாகக் குறித்து வருகிறேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளில் இருந்துதான்.

கேப்பிடல் நமக்குக் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். இட்டாலிக்கும் உண்மையில் கிடையாது. கம்ப்யூட்டர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் இருப்பது அளவு, தடிமன், நிறம், இடைவெளி. இதில் தடிமன்தான் பெரிய வம்பு. ஏன் என்று பார்க்க எழுத்துக்குள்ளேயே போகணும்.

தமிழில் பொருள் ரொம்பச் சின்னச் சின்ன இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்கும் பேட்டிக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுழி. மனமும் மணமும் அப்படியே. கொடு என்பதும் கோடு என்பதும் அப்படியே. எடு என்பதற்கும் ஏடு என்பதற்கும் வித்தியாசம் அடியில் ஒரு சின்னக் கீற்று. கல்வி என்ற சொல்லில் ஒரு புள்ளி காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்க. பள்ளிக்கூட ஃப்ளெக்ஸில் அது நடந்தால் ஊரே சிரிக்கும். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேலுள்ள புள்ளி விழுந்தாலும் சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நமக்கு அப்படி இல்லை.

இந்தச் சின்ன அடையாளங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் புள்ளியைப் பெரும்பாலும் வைக்கவே மாட்டார்கள். எ, ஒ என்ற குறில்களின் மேல் புள்ளி வைப்பதுதான் தொல்காப்பியம் சொல்லும் முறை. ஓலையில் அதுவும் விடுபட்டுப் போகும். வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். அவர் பெரும்பாலும் பயிற்சி உள்ளவர், பாட்டும் மனப்பாடமாக இருக்கும். நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போடும் இன்றைய வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அதாவது, முன்பின் தெரியாத ஒருவர் கையில் அச்சுப் புத்தகம் போய்ச் சேரும் காலத்தில், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான் இந்தச் சுழியும் புள்ளியும் கட்டாயமாயின. இன்றைக்கு ஒரு சுவரொட்டியைப் பார்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவர்தானே.

இப்போது தடிமனுக்கு வருவோம். போல்டு ஆக்கும்போது கோடு பருக்கிறது, உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்குகிறது. ரோமன் எழுத்தில் ஒன்றிரண்டு பொந்துகள்தான், தாங்கிவிடும். ண, ஞ, ஐ, ழ போன்றவற்றில் பொந்துக்குள் பொந்து. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் ண என்பது ன ஆகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டால் இன்னும் மோசம். மை கசிந்து மெல்லிய வெள்ளைக் கோடுகளையும் புள்ளியையும் தின்றுவிடும். அதனால் நான் தலைப்புக்கு போல்டைவிட அளவைத்தான் நம்புகிறேன். பெரிதாக, ஆனால் மெலிதாக.

அளவைக் கூட்டினால் இடம் சாப்பிடுமே என்று கேட்கலாம். சாப்பிடும். இது 300 வருஷத் தொல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பைபிள் அச்சிட முயன்றபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அப்புறம் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள்.

அடுத்தது வரி இடைவெளி. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தானாகக் கொடுப்பது பொதுவாக எழுத்தளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே புள்ளி, தி, தீ என்று விசிறி; கீழே து, கூ, ஞு என்று வால். முதல் வரியின் வாலும் இரண்டாம் வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். புள்ளி எந்த வரிக்குச் சொந்தம் என்றே சந்தேகம் வரும். 150 சதவீதத்துக்குக் கீழே நான் போவதில்லை.

எழுத்துகளுக்கு நடுவே காற்று விடும் உத்திதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது. கொ என்பது பார்வைக்கு மூன்று துண்டு: கொம்பு, க, கால். மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்து. இடைவெளியைக் கூட்டிவிட்டால் கொம்பு முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், கால் தனியாக நின்று ர போலத் தெரியும். ஸ்டைலாக இருக்கட்டும் என்று செய்வது, கடைசியில் எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கிறது.

மென்பொருள் தன் பங்குக்கு வேறு உடைக்கும். யூனிகோடில் க முதலில், கொம்பு அதற்குப் பின்னால் என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகள், இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் அதைச் செய்யாது. கொம்பு பின்னாலேயே நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் வடிவமைத்தால் இது கண்ணிலேயே படாது. 2017இல் சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்புக்கான துண்டறிக்கையில் தமிழ் வரி இப்படிச் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு அது.

இனி இருமொழிப் பலகைகள். தமிழ்நாட்டில் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனா அது அளவை மட்டும்தான் பேசுகிறது. பெரிதாக எழுதியும் படிக்க முடியாத தமிழ் எத்தனையோ பார்க்கிறோம். காரணம், பலகை முதலில் ஆங்கிலத்துக்காக வடிவமைக்கப்படுகிறது. தமிழ் கிடைத்த கட்டத்துக்குள் அமுக்கப்படுகிறது.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் எமர்ஜென்சி என்ற ஆங்கிலச் சொல் கம்பீரமாக நிற்கிறது. அதன் கீழே, அதே அகலத்துக்குள், அவசர சிகிச்சைப் பிரிவு. ஒரு சொல் இருந்த இடத்தில் மூன்று சொல். டிடிபி போட்டவர் இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கியிருக்கிறார். அப்படி நெருக்கும்போது நிற்கும் கோடுகள் மெலியும், படுத்திருக்கும் கோடுகள் தடிமனாகவே இருக்கும், சுழிகள் நசுங்கும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அந்தத் தமிழ் தேவையே இல்லை. ராத்திரி பதறிக்கொண்டு வரும் ஆங்கிலம் தெரியாத ஒருவருக்குத்தான் அது தேவை. நசுங்கிய எழுத்து போய்ச் சேர்வது சரியாக அவரிடம்தான். இதை அழகியல் பிரச்சினை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

செய்யக்கூடியது கடினமும் இல்லை. தமிழை முதலில் வைத்து, அதற்கு வேண்டிய நீளத்தை அளந்து, பலகையை அதற்கேற்ப வெட்டலாம். இரண்டு வரியாக உடைக்கலாம். ஆங்கிலத்தோடு அளவு பொருத்த நான் செய்வது: விசிறியோ வாலோ இல்லாத ப எழுத்தை எடுத்து, ஆங்கிலச் சின்ன எழுத்தான எக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டின் உயரமும் கண்ணுக்கு ஒத்துப்போனால் மற்றவை பெரும்பாலும் ஒத்துப்போகும். பாயின்ட் கணக்கைப் பார்க்கவே கூடாது. ஒரே 24 பாயின்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்களைப் போட்டால் ஒன்று மாமா, ஒன்று மருமகன் போல நிற்கும்.

எழுத்துரு இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, பல தடிமன்களில். எதை எடுத்தாலும் நான் முதலில் தட்டிப் பார்க்கும் சொற்கள்: பெட்டி பேட்டி, மனம் மணம், எடு ஏடு, மரம், முழு, கல்வி. மரம் எதற்கு என்றால், சில எழுத்துருக்களில் ர என்பதன் கால் நறுக்கப்பட்டு அது மாம் ஆகிவிடும். முழு எதற்கு என்றால் மு, ழு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, 10 அடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பேன். கண்ணாடி போடுகிறவர் வீட்டில் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொல்வேன். அவர் தடுமாறும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்வேன். இதுவரை அதிக வட்டம் வாங்கியிருப்பது ணகரம், அடுத்தது புள்ளி.