பெட்ரோஸின் பிள்ளைகள்

செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக இருக்கிறவனுக்கு முதல் தலைவலி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். பெயர்ப் பட்டியல்! பேரிங் போடுகிற மென்பொருள் குடும்பப் பெயரை ஒரு கட்டத்திலும் சொந்தப் பெயரை இன்னொரு கட்டத்திலும் கேட்கும். நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான் உண்டு. அந்த ஒற்றை எழுத்தை விரித்து எந்தக் கட்டத்தில் போடுவது என்று அப்பா அம்மாக்களோடு பெரிய வழக்கே நடக்கும். ஆனந்தை வெளிநாடுகளில் 'மிஸ்டர் விஸ்வநாதன்' என்று கூப்பிட்டார்கள். அது அவருடைய அப்பா பெயர். பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் வெளிநாட்டுச் செய்திகளில் அப்பா 'ரமேஷ்பாபு'வின் பெயரோடுதான் வருகிறார்கள். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகள் ஆட வந்தால் ரமேஷ்பாபு காணாமல் போய்விடுவார்.

இந்த வம்பே இல்லாத அணி ஆர்மீனியா. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஓபன் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அந்த அணியின் பட்டியலைப் பாருங்கள்: சர்கிசியன், மெல்கும்யன், தெர்-சகாக்யன், பெட்ரோசியன், ஹொவ்ஹன்னிஸ்யன். ஐந்து பேர், ஐந்திலும் வால் ஒன்றே. பார்வையாளர் பக்கம் எனக்கு அருகில் நின்ற ஒருவர், "எல்லாரும் அண்ணன் தம்பிங்களா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

'யன்' என்றால் இன்னாரைச் சேர்ந்தவர், இன்னார் வழி வந்தவர் என்று பொருள். சகாக் நம் பைபிளில் வருகிற ஈசாக்கு. ஹொவ்ஹன்னிஸ் யோவான். பெட்ரோஸ் வேறு யாருமில்லை, பேதுரு. நம் கத்தோலிக்கர்கள் வாயில் இராயப்பர். ஆக பெட்ரோசியன் என்றால் 'இராயப்பன் வீட்டுப் பிள்ளை'. நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற நாடு அது. அதனால் அப்போஸ்தலர்களும் புனிதர்களும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் பெரும்பாலான குடும்பங்களில் நிலைபெற்றது 19-ஆம் நூற்றாண்டு வாக்கில். ஒரு பக்கம் ரஷ்யப் பேரரசு, இன்னொரு பக்கம் உஸ்மானியப் பேரரசு. இரண்டு பக்கமும் அதிகாரிகள் பதிவேட்டோடு வந்தார்கள். அன்றைக்கு வீட்டில் எந்தத் தாத்தாவின் பெயர் பேச்சில் இருந்ததோ அது எழுத்தில் ஏறி உறைந்துவிட்டது. ரஷ்யாவில் 'ஓவ்' மனைவிக்கும் மகளுக்கும் 'ஓவா' ஆகும். ஆர்மீனியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'யன்'தான்.

'யன்' என்றாலே முன்னால் தாத்தா பெயர்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. தொழிலும் வரும். தர்பின்யன் கொல்லர் வீடு. டிரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு ஜில்ஜியன் தாளத் தட்டுகளைத் தெரிந்திருக்கும். 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய அந்தக் குடும்பத்துக்குத் துருக்கியில் 'தாளம் செய்கிறவர்' என்று பட்டம். அதன் மேல் ஆர்மீனிய வால் ஒட்டிக்கொண்டது. செஸ் சாம்பியன் காஸ்பரோவ் கதை இன்னொரு மாதிரி. அவருடைய அம்மா ஆர்மீனியர், காஸ்பரியன் வீட்டுப் பெண். அந்தப் பெயருக்கு ரஷ்யச் சட்டை போட்டதுதான் காஸ்பரோவ்.

எனக்கு பெட்ரோசியன் என்றால் டிக்ரான் பெட்ரோசியன்தான். நான் ஆடப் பழகிய காலத்தில் எல்லோரும் உலகச் சாம்பியன் தால் மாதிரி தாக்கி ஆட ஆசைப்பட்டார்கள். எனக்கு மட்டும் இந்த மனிதர் மேல் பைத்தியம். 1929-ல் திபிலிசியில் பிறந்தவர், ஆர்மீனியப் பெற்றோர். அப்பா வர்த்தான் அங்கே ராணுவ அதிகாரிகள் மன்றம் ஒன்றில் காவல்காரர். போர்க்காலத்தில் தாய் தகப்பன் இருவரும் போய்விட, பையன் துடைப்பத்தை எடுத்துத் தெருக் கூட்டினான். காது கேட்பதும் குறைந்துபோனது. கடைசி வரை செவிக்கருவியோடுதான் இருந்தார்.

அந்தக் கருவியும் ஒரு கட்டத்தில் அவருக்கு உதவியது. 1971-ல் செவில்லில் ஜெர்மானியர் ஹூப்னரோடு, உலகச் சாம்பியனோடு மோதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் ஆட்டம். வெளியே தெருச் சத்தம் தாங்க முடியவில்லை. பெட்ரோசியன் கருவியை அணைத்துவிட்டு நிம்மதியாக யோசித்தார். ஹூப்னர் பொறுக்க முடியாமல் போட்டியிலிருந்தே விலகிப் போய்விட்டார். இன்று எங்கள் போட்டிகளில் காதில் எந்தக் கருவி இருந்தாலும் நாங்கள் பத்துக் கேள்வி கேட்போம். அவர் நல்ல காலத்தில் ஆடினார்.

அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நகர்த்தல் போதும். 1953, சூரிச் கேண்டிடேட்ஸ் போட்டி. எதிரே ரெஷெவ்ஸ்கி, வெள்ளைக் காய்கள். வெள்ளையின் சிப்பாய்கள் இரண்டு நடுவில் சேர்ந்து நின்று முன்னேறத் துடிக்கின்றன. கறுப்பின் காய்களுக்கு மூச்சு முட்டுகிறது. 25-ஆவது நகர்த்தலில் பெட்ரோசியன் தன் யானையை e6 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். எதிரியின் பிஷப் அதை அப்படியே வெட்டலாம். யானை பெரிய காய், பிஷப் சின்னக் காய். பார்க்கிறவனுக்குக் கைப்பிசகு போலத்தான் தெரியும். ஆனால் யானை அங்கே போனதால் வெள்ளைச் சிப்பாயின் வழி அடைபட்டது, அது நின்ற e7 கட்டம் காலியானது. அந்தக் கட்டம் வழியாகக் குதிரை சுற்றிக்கொண்டு d5-க்கு வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு நடுவில் நின்ற அந்த இரண்டு சிப்பாய்களும் அசையவே இல்லை. ஆட்டம் 41 நகர்த்தலில் டிரா. டிராதானே என்று கேட்பவர்கள் உண்டு. தோற்க வேண்டிய இடத்தில் யானையைக் கொடுத்து எதிராளியின் கையைக் கட்டிப்போடுவது எத்தனை பேருக்கு வரும்? இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பையன்களிடம் "இப்போ என்ன ஆடுவே?" என்று கேட்டால், யானையை e6-க்கு நகர்த்துகிற பையன் அபூர்வம். கம்ப்யூட்டரில் பழகியவன்கூட யோசிப்பான்.

1963-ல் மாஸ்கோவில் பாட்வின்னிக்கை 12½–9½ என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். அந்த வருஷத்துக்குப் பிறகு ஆர்மீனியாவில் பலர் மகனுக்கு டிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். 1966-ல் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைக் காத்தார். நடப்புச் சாம்பியன் ஒருவர் போட்டியில் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தது 1934-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1969-ல் அதே ஸ்பாஸ்கியிடம் இழந்தார். ஒலிம்பியாட்களில் சோவியத் அணிக்காகப் பத்து முறை ஆடி ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார். 1972-ல், ஸ்கோப்ஜேயில். ஜெயித்தவர் யார்? செவில்லில் எழுந்துபோன அதே ஹூப்னர். இன்று ஆர்மீனியாவின் 2000 திராம் நோட்டில் பெட்ரோசியன் முகம். 2011-லிருந்து அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செஸ் கட்டாயப் பாடம். இந்த மனிதர் இல்லாமல் அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1984 ஆகஸ்டில் மாஸ்கோவில் இறந்தார். அடுத்த மாதம் யெரெவானில் ஒரு குழந்தை பிறந்தது. அவர்கள் வீடும் பெட்ரோசியன்தான், ஆனால் உறவு கிடையாது. குழந்தைக்குச் சாம்பியனின் நினைவாக டிக்ரான் என்றே வைத்தார்கள். அவன் வளர்ந்து கிராண்ட்மாஸ்டரே ஆகிவிட்டான். 2008-லும் 2012-லும் ஒலிம்பியாட் தங்கம் வென்ற ஆர்மீனிய அணியில் இருந்தான். பின்னால் 2020-ல் ஓர் இணையப் போட்டியில் ஏமாற்றியதாகத் தடை விதிக்கப்பட்டதும், அவர் அதை மறுத்துச் சீறியதும் செஸ் உலகமே அறிந்த கதை.

இப்போது ஆர்பிட்டரின் கவலையைப் பாருங்கள். பட்டியலில் இரண்டு டிக்ரான் பெட்ரோசியன். எப்படிப் பிரிப்பது? புதியவர் 'டிக்ரான் எல். பெட்ரோசியன்'. அந்த 'எல்' அப்பா லெவோன். ஆர்மீனிய ஆவணங்களில் சொந்தப் பெயரோடு அப்பா பெயரையும் 'இன்னாருடைய' என்ற உருபோடு எழுதுவார்கள். 'டிக்ரான் லெவோனி' என்று. பழையவரின் அப்பா வர்த்தான், ரஷ்ய வழக்கில் அவர் 'வர்த்தானோவிச்'. அதாவது இரண்டு பேருக்கும் அப்பா பெட்ரோஸ் இல்லை. பெட்ரோஸ் என்றைக்கோ வாழ்ந்து முடித்த பாட்டன். உண்மையான தகப்பனைச் சொல்ல அவர்களுக்கும் இனிஷியல் தேவைப்பட்டிருக்கிறது. பட்டியலில் அந்த 'எல்'லைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

சில பெட்ரோசியன்களின் முன்னால் 'தெர்' என்று இருக்கும். அது பாதிரியாரின் பட்டம். ஆர்மீனிய ஊர்ப் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள், அவர்களுடைய வாரிசுகள் பட்டத்தையும் சேர்த்துச் சுமப்பார்கள். அப்படிச் சாமியார் வீட்டுப் பெயரோடு வந்த சிமோன் தெர்-பெட்ரோசியன் செய்த வேலை என்ன தெரியுமா? வங்கிப் பணக் கொள்ளை. 1907-ல் திபிலிசியின் நடுச் சதுக்கத்தில் பட்டப்பகலில் குண்டு வீசி, போல்ஷெவிக் கட்சிக்காகப் பணவண்டியைக் கொள்ளையடித்த கூட்டத்தின் தலைவர் இவர். ஸ்டாலினின் சிநேகிதர், கட்சிக்குள் 'காமோ'. அதே வருஷம் பெர்லினில் பிடிபட்டதும் பைத்தியம் பிடித்தவர் போல நடித்து வருஷக்கணக்கில் டாக்டர்களைத் திணறடித்தார். தூக்குத் தண்டனைகூட விதிக்கப்பட்டுப் பின் குறைக்கப்பட்டது. குண்டிலும் தூக்கிலும் தப்பியவர், 1922-ல் திபிலிசியில் சைக்கிளில் போகும்போது லாரி மோதிச் செத்தார். சோவியத் காலத்தில் ஆர்மீனியாவின் ஒரு நகரத்துக்கே காமோ என்று பெயர் இருந்தது. இப்போது அது கவார்.

இன்னொரு தெர்-பெட்ரோசியன் நேர் எதிர். லெவோன் தெர்-பெட்ரோசியன் 1945-ல் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் சோவியத் ஆர்மீனியாவுக்கு வந்தது. பழஞ்சுவடி படிக்கிற பண்டிதர். சிரியாக் மொழிக்கும் ஆர்மீனியத்துக்கும் உள்ள இலக்கிய உறவு அவருடைய துறை. கராபாக் பகுதியை ஆர்மீனியாவோடு சேர்க்கக் கோரிய இயக்கம் அவரைத் தெருவுக்கு இழுத்தது, சிறைக்கும் அனுப்பியது. 1991-ல் சுதந்திர ஆர்மீனியாவின் முதல் அதிபர். 1998-ல் பதவி விலகினார். கராபாக் விஷயத்தில் சமரசம் வேண்டும் என்று அவர் சொன்னதை அன்று கூட இருந்தவர்களே ஏற்கவில்லை. 2008-ல் மறுபடி அதிபர் தேர்தலில் நின்று செர்ஜ் சர்க்சியனிடம் தோற்றார். அந்த அதிபர் சர்க்சியனின் பிரதமர் பெயரும் சர்க்சியன்தான், அவர்களும் உறவினர்கள் கிடையாது. ஆர்மீனியாவில் செய்தித்தாள் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

அனடோலியா பக்கத்து மேற்கு ஆர்மீனியர் வாயில் 'பெட்ரோஸ்' என்ற பெயர் நம் 'பம்பரம்' சொல்லில் நடுவில் வரும் ஒலியோடு தொடங்கும். வால் சேர்ந்த பெட்ரோசியன் தமிழ் எழுத்தில் மாறாமல் தெரிந்தாலும், ஆங்கிலத்தில் P-க்குப் பதில் B-யில் தொடங்கும். 1915 இனப்படுகொலைக்குப் பிறகு உலகெங்கும் சிதறியவர்களின் வீடுகளில் இந்த வடிவம்தான் அதிகம். அமெரிக்க பேஸ்பாலில் 1987-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஸ்டீவ் பெட்ரோசியனின் பெயரும் இப்படி B-யில்தான் தொடங்கும். ஆர்மீனியக் கத்தோலிக்கர்களின் தலைமை ஆயராகப் பதவியேற்கிறவர்கள் எல்லோருமே தங்கள் பெயரோடு பெட்ரோஸையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கிக்பாக்சிங் பார்க்கிறவர்களுக்கு வேறொரு பெட்ரோசியன் உண்டு. 1985-ல் யெரெவானில் கெவோர்க் ஆகப் பிறந்தவர். சிறுவயதில் அப்பாவோடும் சகோதரரோடும் லாரியில் ஒளிந்து இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கெவோர்க் ஜார்ஜியோ ஆனது, பெட்ரோசியன் மட்டும் மாறவில்லை. கிக்பாக்சிங்கில் 2009, 2010 இரண்டு வருஷமும் கே-1 மேக்ஸ் பட்டம். அவருடைய சண்டையை முதலில் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடிக்கிறதைவிட அடிபடாமல் இருப்பதில் அத்தனை கவனம். எதிராளி கை ஓங்குவதற்குள் இவர் அந்த இடத்தில் இல்லை. செஸ் டிக்ரானும் இப்படித்தான், எதிரி திட்டம் போடுவதற்கு முன்பே அதை முடித்துவைப்பார். ரத்த உறவு இல்லாத இருவருக்கு இந்த ஒற்றுமை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னேன்.

சென்னைக்கும் ஒரு பெட்ரோஸ் உண்டு. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தன் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைப் படிகளும் அவர் உபயம். பாரிமுனை அருகில் ஆர்மீனியன் தெருவில் 1772-ல் எழுந்த தேவாலயம் இன்றும் இருக்கிறது. அந்தச் சமூகத்தின் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் 1794-ல் மதராஸில் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அதுதான்; யெரெவானிலோ கான்ஸ்டான்டிநோபிளிலோ வரவில்லை, நம் ஜார்ஜ் டவுனில் அச்சானது.

கடைசியாக ஒரு செஸ் வம்பு. ஒலிம்பியாட் தங்கம் வென்ற ஆர்மீனிய அணிகளின் கேப்டன் அர்ஷாக் பெட்ரோசியன். இவர் மகள் சோஃபியா. ஹங்கேரிக்காக ஆடிய பீட்டர் லேக்கோ, 2004-ல் கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்கு மோதிக் கடைசி ஆட்டத்தில் கோட்டைவிட்டவர், அந்தப் பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாரே அவருக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். பெட்ரோஸ் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பீட்டர்.