உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது சிறுநீரகம் அனுப்பும் சேதி

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு வயிற்றில் மூன்று சிறுநீரகங்கள்! பழுதான இரண்டையும் பெரும்பாலும் அகற்றுவதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரமாக, இடுப்பெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். இரத்தக் குழாய்களை இணைத்த சில நிமிடங்களில், அறுவை மேசையிலேயே அது சிறுநீரைச் சுரப்பதும் உண்டு.

அந்தச் சிறுநீரகத்தை உடல் தாக்கத் தொடங்கினால் வலியோ காய்ச்சலோ இல்லாமலே போகலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். ஆனால் அதற்குள் சேதம் தொடங்கியிருக்கும். ஏன் ஏறியது என்றும் அது சொல்லாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் ஏறும், உடல் சிறுநீரகத்தைத் தாக்காமலிருக்கத் தரும் மருந்தின் அளவு மிஞ்சினாலும் ஏறும். காரணம் தெரிய, ஊசியால் நூலிழை போன்ற ஒரு சதைத் துணுக்கை எடுக்கும் பயாப்சிதான் வழி.

ஊசி இல்லாமல் முடியாதா? தாக்க வந்த வெள்ளணுக்களில் சில சிறுநீரோடு வெளியேறுகின்றன. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கம் சுதந்திரன் குழு 2001இல் அவற்றைப் பிடித்துச் சோதித்தது. செல்லைத் துளைக்கும் பெர்ஃபோரின், துளை வழியே நுழைந்து கொல்லும் கிரான்சைம் பி ஆகிய இரண்டு புரதங்களையும் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ., சிறுநீரகம் தாக்கப்பட்டவர்களிடம் கூடியிருந்தது. 2013இல் வந்த பெரிய ஆய்வில் 485 பேரின் 4,300 சிறுநீர் மாதிரிகள். தாக்குதல் பயாப்சியில் உறுதியாவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அபாயக் குறி தெரிந்தது!

ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். அதனால் இப்போது கவனம் சி.எக்ஸ்.சி.எல்.10 போன்ற புரதங்களின் பக்கம். வெள்ளணுக்களைக் கூவி அழைப்பதே இதன் வேலை. ஆனால் சிறுநீர்த் தொற்று வந்தாலும் இது கூடும், பி.கே. வைரஸ் விழித்தாலும் கூடும்.

அது என்ன பி.கே.? 1971இல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற சூடான் நாட்டவர் ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ். அவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராகிவிட்டன. நம்மில் பெரும்பாலோர் உடலில் இது சத்தமில்லாமல் உறங்குகிறது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து சாப்பிடுபவர்களிடம்தான் பெரும்பாலும் விழித்துக்கொள்கிறது. வைரஸ் என்றால் அந்த மருந்தைக் குறைக்க வேண்டும்; உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்றால் கூட்ட வேண்டும். ஒன்றை மற்றொன்றாக நினைத்தால் சிறுநீரகமே போய்விடக்கூடும்.

சி.எக்ஸ்.சி.எல்.10 புரதத்தை வைத்தே நோயாளிகளைக் கண்காணித்த சுவிட்சர்லாந்து ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் கிட்டவில்லை. எனவே பயாப்சி ஊசிக்கு இன்னும் ஓய்வில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரா நீங்கள்? ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.