சுத்தியலுக்கு முன் மவுஸ்: பெரியவர்கள் வீட்டுக்கு ஒரு பிளான்

மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கியது. பக்கத்தில் உரத் தொழிற்சாலை 1971-ல் வந்தது. அந்த நாட்களில் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே வீடு கட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பிள்ளைகள் கூப்பிட்டாலும் சொந்த வீட்டை விட்டுப் போக மனம் வராது. ஆனால் வீடு ஒத்துழைக்க வேண்டுமே!

2015, 2021, 2023 மழைகளில் மணலி, மணலி புதுநகர் பக்கம் வெள்ளம் புகுந்தது. அதற்குப் பயந்து தரைமட்டத்தை உயர்த்தினால் வாசலில் படிகள் கூடும். தண்ணீர் உள்ளே வராது. தாத்தாவும் வெளியே வர மாட்டார்.

சாய்தளம் போடலாமே என்பீர்கள். விதி 1:12. அதாவது உயரம் எத்தனை அங்குலமோ, சாய்தளம் அத்தனை அடி நீளம். (இதற்கு எக்ஸெல் கூட வேண்டாம்.) மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி! முன்னால் பத்தடிதான் இடம் என்றால் நடுவில் ஐந்தடி மேடை விட்டு மடக்கிக் கட்ட வேண்டும். அதற்கும் இடம் இல்லையா, நடக்க முடிந்தவர்களுக்கு ஆறு அங்குலப் படிகளும் இருபுறமும் கைப்பிடியும் போதும். செங்குத்தான சாய்தளம் படியைவிட ஆபத்து.

இதையெல்லாம் இடிப்பதற்கு முன்பே பார்த்துவிட ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பெயர் ஸ்வீட் ஹோம் த்ரீ-டி. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அதன் சொந்த இணைய தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்.

திறந்ததும் பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போய் அளவை அடி, அங்குலத்துக்கு மாற்றுங்கள். டேப்பால் அளந்தபடி மவுஸை நகர்த்திச் சுவர்களை வரையுங்கள். கதவு, கட்டில் எல்லாம் இடப்பக்கப் பட்டியலில் உண்டு. இழுத்து வைத்தால் போதும். கீழே முப்பரிமாணத்தில் வீடு எழுந்து நிற்கும்.

இப்போது த்ரீ-டி வியூ மெனுவில் விர்ச்சுவல் விசிட் க்ளிக் செய்யுங்கள். திரையில் ஒரு மனிதர் நடப்பார். அதே மெனுவில் அவரது கண் உயரத்தை நான்கடியாகக் குறையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்வை ஏறக்குறைய அதுதான். ஷெல்ஃப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்த மனிதர் சுவரையும் துளைத்துக்கொண்டு போவார்! அவரை நம்பிக் கதவு அளவை முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் உள்ள பெட்டியை 27 அங்குல அகலத்துக்கு மாற்றி, அதைச் சக்கர நாற்காலியாக நினைத்து நகர்த்துங்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. சட்டம் போக மிஞ்சும் இடத்தில் அது நுழையாது. மூன்றடி வழி வேண்டும். உள்ளே திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி. அவ்வளவு இடம் இல்லையென்றால், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினாலே பாதி சிக்கல் தீரும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் கதவைத் திறக்கலாம்.

முடிந்ததும் ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஆக எடுத்து மேஸ்திரியிடம் கொடுங்கள். கழிப்பறைக் கைப்பிடியின் இடத்தையும் அதில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் டவல் மாட்டும் கம்பியைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார். ஆள் எடையை அது தாங்காது.